பேயாண்டி கையில் இருந்த அட்டை

— அந்தப் பேர மொதல்ல அழிங்க சார். ஆனந்தன்னு எங்க குடும்பத்துல யாரும் கெடையாது.

— மேடம், எங்க சேனல்ல ஆறு வருஷம் வினாடி வினா நடத்தினப்போ அவர் ஆனந்தன்தான். ‘சொல்லு தாயி’ ஆனந்தன்னு சொன்னா இன்னிக்கும் மதுரையில நூறு பொம்பளைங்க திரும்பிப் பாப்பாங்க.

— அது உங்க ஆபீஸ்ல வச்ச பேரு. பேயாண்டின்னா சோப்பு விக்காதுன்னு வச்சது. செத்தது எங்கப்பா பேயாண்டி. இன்னிக்கு அஞ்சு மணிக்குப் படம் தெறக்கப் போறதும் பேயாண்டிக்கு. பேனர்ல அப்படி இருந்தா உங்க கேமராவ மண்டபத்துக்குள்ள விடுவோம். இல்லாட்டி வாசல்லயே நிக்கட்டும்.

— சரி, சரி. இங்க காளவாசல்லயே ஃப்ளெக்ஸ் கடை இருக்கு, மாத்தச் சொல்லிடறேன். நான் வந்தது வேற விஷயமா, சத்யப்ரியா. கொஞ்சம் உக்காந்து பேசலாமா?

— ஒரு நிமிசம் இருங்க. அண்ணே, உங்க வருமானச் சான்று நாளைக்கு வந்துரும். போனுக்கு மெசேஜ் வரும், மகள்ட்டக் காட்டிட்டு வாங்க… ம், சொல்லுங்க ஜெயந்த் சார். இ-சேவை மையம்னா காலையில இப்படித்தான் இருக்கும். நீங்க பேசிக்கிட்டே இருங்க, எனக்குக் காது இங்கதான் இருக்கு.

— இது நீங்க மேடையில பேச வேண்டியது. ஒரே பக்கம்தான். நேரடி ஒளிபரப்புங்கறதால நானே எழுதிக் கொண்டு வந்துட்டேன்.

— குடுங்க. “பட்டதாரியான எங்கள் தந்தை”… யாரு சார் பட்டதாரி?

— அந்தக் காலத்துல பத்திரிகைக்கு அப்படித்தான் குடுத்திருக்காங்க.

— “உடல்நலக் குறைவால் தாமே நிகழ்ச்சியிலிருந்து விலகிய”… இத எழுதும்போது உங்களுக்குக் கை கூசலையா?

— மேடம்…

— எங்கப்பாவுக்கு அவரு பேர எழுதத் தெரியாது. கைநாட்டு.

— கொஞ்சம் மெதுவா பேசுங்களேன். ஆளுங்க இருக்காங்க.

— எதுக்கு மெதுவா? இந்த பெஞ்சுல உக்காந்திருக்கிற அஞ்சு பேருல மூணு பேரு கைநாட்டுதான். நாந்தான் தெனம் ஃபாரம் எழுதித் தாரேன். ஒருத்தரும் கூனிக் குறுகி நிக்கல. எழுத்து தெரியாதது ஒரு குத்தமா சார்? என்னமோ நக நட்டத் திருடுன மாதிரி மெதுவா பேசச் சொல்றீக!

— நான் அப்படிச் சொல்லலை. எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை, இத்தனை வருஷமா. நான் அவர் நிகழ்ச்சிக்கு ரெண்டு வருஷம் வேலை பாத்திருக்கேன். கையில அட்டையை வச்சுக்கிட்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, மணி மாதிரி படிப்பார். இருபது கேள்வி. ஒரு தடவைகூடத் தடுமாறினதில்லை. எப்படி?

— வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேள்வி அட்டைய ஒரு கவர்ல போட்டு அவருகிட்டக் குடுப்பீகள்ல, பாத்து வச்சுக்கங்கன்னு? வீட்டுக்கு வந்து என்னைய ஒக்கார வச்சுருவாரு. நான் அப்ப மூணாப்பு. ஒவ்வொண்ணா ரெண்டு தடவ படிப்பேன். அம்புட்டுதான். அடுக்குன வரிசையோட மண்டைக்குள்ள போயிரும். அம்மா சொந்தக்காரவுக கல்யாணத்துக்குப் போவோம்னா, “பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை லீவு கெடையாது”ம்பாரு.

— மூணாவது படிக்கிற குழந்தை!

— எட்டாப்பு வரைக்கும் நாந்தான். பதினஞ்சு வயசுல நாடகத்துக்குப் போனவரு சார். பபூன் வேஷம். ராஜபார்ட்டு, ஸ்திரீபார்ட்டு, எல்லா வசனமும் காதுல கேட்டே படிச்சாரு. அவருக்கு உங்க இருபது கேள்வி எம்மாத்திரம்? மூக்குக் கண்ணாடி சொன்னீகள்ல, அது வெறும் கண்ணாடி. பவரு கெடையாது. டவுன்ஹால் ரோட்டுல வாங்குனது.

— அடக்கடவுளே.

— சிரிங்க, சிரிங்க. அவருக்குப் பிடிக்கும்.

— இல்ல, எனக்கு அவர் நின்ன விதம் ஞாபகம் வருது. வெள்ளைச் சட்டை, கழுத்துல கைக்குட்டை. மைக்கைக் கண்டதும் பொம்பளைங்க முந்தானையால வாயை மூடிக்குவாங்க. இவர் போய் முதல்ல, “இன்னிக்கு என்ன குழம்பு வச்சுட்டு வந்தீக தாயி?”ம்பார். அவ புளிக்குழம்பும்பா. “எனக்கு ஒரு கரண்டி எடுத்து வச்சிருக்கீகளா?”ம்பார். அவ்வளவுதான், அவளுக்கு பயம் போயிடும். தோத்துட்டுப் போறவகூட சிரிச்சுக்கிட்டே போவா.

— அப்படிப்பட்ட மனுசனத்தான் பின்வாசல் வழியா அனுப்புனீக.

— நான் அனுப்பலை.

— சரி, ஒங்க ஆபீஸ். அன்னைக்கு நடந்தத உங்க வாயால சொல்லுங்க. நான் அப்பா சொல்லித்தான் கேட்டிருக்கேன். நீங்க கண்ணால பாத்தவரு.

— எதுக்கு இப்போ அதெல்லாம்?

— இந்தப் பேப்பர்ல உடம்பு சரியில்லைன்னு எழுதியிருக்கீகள்ல. என்ன சீக்குன்னு நான் தெரிஞ்சுக்க வேணாமா?

— …சனிக்கிழமை. நேரடி ஒளிபரப்பு. ஆரம்பிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது விளம்பரக் கம்பெனிக்காரங்க வந்து, இந்த வாரம் எங்க கேள்விதான் கேக்கணும்னுட்டாங்க. பழைய அட்டையை வாங்கிட்டுப் புது அட்டையைக் குடுத்தோம். அவர் முகம் லேசா மாறுச்சு. நான் கவனிக்கலை, இப்போ நினைச்சுப் பாத்தா தெரியுது.

— அப்பறம்?

— முதல்ல வந்த அம்மாகிட்டப் போய், “எப்பப் பாத்தாலும் நானே பேசுறேன். இன்னிக்கு நீயே கேள்வியப் படி தாயி, உன் குரல ஊரு கேக்கட்டும்”னு அட்டையை நீட்டிட்டார். அந்தம்மா கணீர்னு படிச்சா. கைதட்டல். ரெண்டாவது அம்மாவும் படிச்சா. கண்ட்ரோல் ரூம்ல என் பக்கத்துல நின்ன மேனேஜர், “பலே, இதையே வாரா வாரம் வச்சுக்கலாம்”னார்.

— மூணாவது வந்தது முனியாயி.

— ஆமா, சோழவந்தான் பக்கத்துலேர்ந்து. கொடிக்கால்ல வெத்தலை கிள்ளுற வேலைன்னு சொன்னாங்க. அட்டையை வாங்கினாங்க. தலைகீழாப் பிடிச்சிருந்தாங்க. பாத்துக்கிட்டே நிக்கறாங்க. உங்க அப்பாவுக்கு அது தலைகீழா இருக்குன்னுகூடத் தெரியலை, பாருங்க. “படி தாயி, படி தாயி”ங்கறார். முன்வரிசையில யாரோ சிரிச்சாங்க. அப்புறம் கூட்டமே சிரிச்சுது.

— ம்.

— அந்தம்மா, “எனக்குப் படிக்கத் தெரியாதுய்யா”ன்னாங்க. மைக்குல விழலை, மானிட்டர்ல எனக்கு உதடு தெரிஞ்சுது. அதைச் சமாளிக்க அவருக்கு ஆயிரம் வழி இருந்துது மேடம். ஒரு ஜோக் அடிச்சிருக்கலாம், வேற யார்கிட்டயாவது அட்டையை நீட்டியிருக்கலாம். கண்ணாடியைக் கழட்டிச் சட்டைப் பையில வச்சுட்டு, கேமராவைப் பாத்து, “எனக்கும் தெரியாது. சிரிச்சவுக யாரு? அவுக மேடைக்கு வந்து படிங்க”ன்னார்.

— அப்பறம் என்ன போச்சு டிவியில?

— விளம்பரம். பட்டனை அமுக்குனது நான்தான்.

— தெரியும்.

— தெரியுமா?

— நீங்க கடைக்குள்ள வரும்போதே தெரியும். மேல சொல்லுங்க.

— மேனேஜர் கத்துன கத்துல ஸ்டூடியோவே ஆடிப்போச்சு. எழுத்து தெரியாதவனை வச்சு வினாடி வினா நடத்தினோம்னு வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னார். உங்க அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “அந்தத் தாயிகிட்ட கேள்விய யாராச்சும் படிச்சுக் காட்டுங்க. பதில் சொல்லிட்டுப் போகட்டும்.” யாரும் படிக்கலை. நானும் படிக்கலை. எனக்கு அப்போ இருபத்திமூணு வயசு, வேலையில சேந்து ரெண்டு வருஷம். பயம். அடுத்த வாரம் வேற ஆள் வந்தாச்சு.

— அந்த அட்டையச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டாரு. வீட்டுக்கு வந்து என்கிட்ட நீட்டுனாரு. படிச்சேன். என்ன கேள்வி தெரியுமா சார்? “வெற்றிலைக் கொடி படர எந்த மரத்தை நடுவார்கள்?”

— ஐயோ.

— மறுநா காலையில சோழவந்தானுக்கு பஸ் ஏறிட்டாரு. கொடிக்கால் கொடிக்காலா விசாரிச்சு, அந்தம்மாவக் கண்டுபிடிச்சு, வரப்புல நின்னுக்கிட்டே கேள்வியக் கேட்டாரு. அந்தம்மா, “அகத்தி. இதக் கேக்கவா அம்புட்டு வெளக்கப் போட்டு வச்சிருந்தீக?”ன்னுச்சாம். ரெண்டு பேரும் வரப்புல உக்காந்து அப்படிச் சிரிச்சிருக்காக.

— சத்யப்ரியா, நான் மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். எனக்கு அவர் மேல இருக்கற மரியாதை வேற யார் மேலயும் இல்லை. ஆனா அடுத்த மாசம் ‘சொல்லு தாயி’யை மறுபடியும் ஆரம்பிக்கறோம். இந்தக் கூட்டத்துலதான் அறிவிக்கப் போறோம். இந்த நேரத்துல நீங்க கைநாட்டு, அது இதுன்னு ஆரம்பிச்சா, மேல இருக்கறவங்க என்னை விட மாட்டாங்க. ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லுவாங்க.

— நிறுத்துங்க. மண்டபத்தப் பிடிச்சது நாடகக்காரவுக. நாற்காலி போட்டது அவுக. உங்க கேமரா விருந்தாளியா வருது. விருந்தாளி பாதியில எந்திரிச்சுப் போனா எங்களுக்கு ஒரு எல மிச்சம், அம்புட்டுதான்.

— உங்க அப்பாவுக்குத்தான் கேவலம் மேடம், கொஞ்சம் யோசிங்க! மூணு வினாடிதான் டிவியில போச்சு. பாத்தவங்களும் மறந்துட்டாங்க, டேப்பும் இல்லை. யாருக்கும் தெரியாத விஷயம். அவர் போய்ச் சேந்தப்புறம் நீங்களா எடுத்து ஊருக்குச் சொல்லணுமா?

— யாருக்கும் தெரியாதுன்னு யாரு சார் சொன்னா?

— யாருக்குத் தெரியும்?

— உங்க டிவிய விட்டு வந்து இருபதாம் நாளு, பரவையில திருவிழா நாடகம். அப்பா பபூன். மேடைக்கு வந்து கும்பிட்டுட்டு, “என்னைய டிவியில இருந்து வெரட்டிட்டாக. ஏன்னு கேளுங்க”ன்னாரு. கூட்டம் “ஏன்?”னுச்சு. அம்புட்டையும் நடிச்சுக் காட்டுனாரு. பவரு இல்லாத கண்ணாடி, என்னைய ஒக்கார வச்சது, அட்டைய நீட்டுனது, எல்லாம். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. கடைசியில எந்திரிச்சு நின்னுச்சு.

— மேடையிலயா? அவரே சொன்னாரா?

— ஒரு நாள் இல்ல சார், பதினெட்டு வருசம். மேலூரு, உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, எந்த ஊரு மேடையின்னாலும் மொதக் காட்சி அதுதான். வேற எதையாச்சும் ஆரம்பிச்சா, “அட்டைய எடுய்யா”ன்னு பின்னால இருந்து சத்தம் போடுவாக. இந்த ஜில்லாவுல அந்தக் கதை தெரியாத ஆளுக உங்க ஆபீஸ்ல மட்டுந்தான் இருக்கீக.

— நான்… அந்த வருஷமே சென்னைக்குப் போயிட்டேன். போன தைக்குத்தான் திரும்பி வந்தேன். சத்தியமா எனக்குத் தெரியாது. அந்தம்மா வேஷத்தை யார் போட்டா?

— முனியாயி அத்தைதான். வேற யாரு போடுவா?

— அவங்களேயா! ஊர்ல விட்டாங்களா?

— பேசத்தான் செஞ்சாக. நாடகத்துல ஏறுன பொம்பளைன்னு அவுக கொழுந்தன் அத்தை வீட்டுல தண்ணிகூடக் குடிக்கல. அத்தை கேட்டாக பாருங்க ஒரு கேள்வி. “அன்னைக்கு சனம் சிரிச்சப்ப செத்துப் போயிரலாம்னு இருந்துச்சு. இப்ப நானாச் சிரிக்க வச்சுல்ல சிரிக்கிறாக. இத ஏன் விடணும்?”னாக. அப்பாவ எரிச்சுட்டு வந்த அன்னைக்கும் அத்தைதான் சொன்னாக, படம் தெறக்கிற அன்னைக்குப் பேச்செல்லாம் வேணாம், காட்சியப் போடுவோம்னு.

— அப்போ இன்னிக்கு மேடையில…

— யாரும் பேசல. உங்க பேப்பர மடிச்சு வச்சுக்கங்க. அத்தை சோழவந்தான்ல இருந்து மூணு மணி பஸ்ஸுக்கு வாராக. அப்பா வேஷம் நான் கட்டுறேன்.

— நீங்களா?

— எட்டாப்பு வரைக்கும் அவருக்குப் படிச்சுக் காட்டுனவ சார். அவரு பேச்சு எனக்கு மனப்பாடம். ஆனா அந்தக் காட்சிக்கு மூணு பேரு வேணும். மூணாவது ஆளு மேடை ஓரத்துல பட்டன்ல கைய வச்சுக்கிட்டு நிக்கும். ஒரே ஒரு வேலைதான், அமுக்கணும்.

— …அது நானா?

— காட்சியில பேரே ஜெயந்த்துதான்.

— ஊர் ஊரா என் பேரைச் சொல்லியா? வில்லன் மாதிரியா காட்டுவாங்க?

— அந்த வேஷம் போடுற சிவபாண்டி மாமா ஒரு தடவ மீசைய முறுக்கிக்கிட்டு வந்தாரு. அப்பா மேடையிலயே வைஞ்சுட்டாரு. “அந்தத் தம்பிக்குக் கை நடுங்குச்சுய்யா. அமுக்கிட்டு அழுதுச்சு. நான் கண்ட்ரோல் ரூம் கண்ணாடி வழியாப் பாத்தேன். நடுங்குற மாதிரி நில்லு”ன்னாரு.

— பாத்தாரா?… நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. என் மனைவிகிட்டகூட.

— அழாதீங்க சார், கஸ்டமருக பாக்குறாக. சிவபாண்டி மாமா, பேயாண்டி இல்லாத மேடையில ஏற மாட்டேன்னு நேத்து வீட்டுல போய்ப் படுத்துட்டாரு. அஞ்சு மணிக்கு எனக்கு ஒரு ஜெயந்த் வேணும். நீங்க வந்து நிக்கிறீகளா, வேற ஆளப் பாக்கட்டா?