முப்பத்தெட்டு எழுத்தும் நாலு கம்பியும்

கையை நல்லா நீட்டுங்க டாக்டர். அந்தத் தலகாணி மேல வைங்க. ம்... பச்ச குத்தினத மூடறதுல இதோட நாப்பத்தி மூணு. எல்லாத்துலயும் அதே வார்த்தை, அதே தப்பு எழுத்து. ஏன் எண்றேன்னு கேக்கறீங்களா? ஒரே தப்பையே மூடிக்கிட்டிருக்கறப்ப மனுஷன் எதையாவது எண்ணிக்கிட்டுத்தான் இருக்கணும்.

ஆடாதீங்க, முடி மழிக்கறேன்.

மாமனாரா கண்டுபிடிச்சாரு? அதுவும் கல்யாண விருந்துலயா? கபாபுக்குக் கை நீட்டறப்ப சட்டை மேல ஏறியிருக்கும். என்னன்னாரு? உன் வலியை நான் எடுத்துக்கறேன்னு எழுதறவனுக்கு மொதல்ல வலின்னு எழுதத் தெரியணும் மாப்பிள்ளைன்னாரா? பத்துப் பேர் முன்னாடியா? ஹ! நம்ம ஜனம் அப்படித்தான். நம்ம பாஷைக்கு எழுத்தக் கண்டுபிடிச்சவரையே சாமியாக்கி மெழுகுவத்தி ஏத்தற ஜனம். அண்ணன் தம்பியக் கோர்ட்டுக்கு இழுத்தவனோட உக்காந்து காப்பி குடிப்பாங்க. எழுத்துப் பிழை விட்டவன மூணு தலைமுறைக்கு மன்னிக்க மாட்டாங்க.

சரியான எழுத்தும் இந்தத் தப்பு எழுத்தும் வாயில சொன்னா பக்கத்துப் பக்கத்து வீடு. எழுதினாத்தான் வேற வேற ஊரு. வெளிநாட்டுக்காரனுக்கு என்ன தெரியும்? போன வருஷம் போலந்துலேர்ந்து ஒருத்தன் வந்தான். முதுகு பூரா எங்க பேண்டோட ஆல்பத்து அட்டை, நடுவுல இந்த வார்த்தை. அர்த்தம் என்னன்னு கேக்கறான். உன் வலியை நான் எடுத்துக்கறேன், எங்க வீட்டுல கொஞ்சறப்ப சொல்றதுன்னேன். மூஞ்சி தொங்கிப் போச்சு. ஏதோ பேயோட பேருன்னு நெனச்சேனேங்கறான். இருபது வருஷமா முதுகுல சுமந்திருக்கான், கழுத.

நீங்களும் அப்ப எங்க பாட்டுக்குத் தலைய ஆட்டிக்கிட்டுத் திரிஞ்சவர்தானா? பொறாமைப்பட்டீங்களா எங்க வாழ்க்கையப் பாத்து? ஒம்போது ஆம்பள, ஒரு பஸ்ஸு, ஒரு கக்கூஸு. அவ்வளவுதான் வாழ்க்க. பாடறவன் ரூபன் பாட்டுக்கு நடுவுல துப்புவான். கூட்டம் பைத்தியம் மாதிரி கத்தும். அது வந்து விழறது என் ஷூ மேல. பேஸ் கிட்டார் வாசிக்கறவன் எப்பவும் எச்சில் விழற தூரத்துலதான் நிக்கணும். பதினோரு வருஷம் நின்னேன்.

பேண்டு ஒடஞ்சதும் வீடு விக்கற ஏஜெண்டா இருந்தேன். கிளெண்டேல்ல பஸ் ஸ்டாப் பெஞ்சு பூரா என் மூஞ்சி. டை கட்டிக்கிட்டு, நம்பிக்கைக்கு ஜிராயர்னு. கிழவனுங்க என் மூஞ்சில சாஞ்சு உக்காந்து சூரியகாந்தி விதை தின்னு துப்பினானுங்க. அங்கயும் துப்பல்தான். அப்பறம் மண்டையோடு போட்ட பாட்டில்ல மிளகாச் சாறு வித்தேன். சொந்த அக்காவே தொட்டுக்கல. கல்யாண மண்டபத்துல வெள்ளச் சட்ட போட்டு வாசிச்சேன். பொண்ணோட மாமா வந்து காதுல சொல்றாரு, தம்பி, உன் கிட்டாரு மட்டும் வேண்டாம், நெஞ்சுல இடிக்குதுங்கறாரு. யோவ், இடிக்கறதுக்குத்தானய்யா அது! சீ. எதுக்கு அதெல்லாம் இப்ப.

பச்ச குத்தறது ஒண்ணுதான் தேவலாம். வர்றவன் வாயத் தொறக்க மாட்டான், வலியில பல்லக் கடிச்சிக்கிட்டு இருப்பான். பல் டாக்டர், உங்களுக்குச் சொல்லணுமா? நீங்க வலிக்காதுன்னு பொய் சொல்லிட்டுக் குத்துவீங்க. நான் வலிக்கும்னு சொல்லிட்டே குத்துவேன்.

என்ன கேட்டீங்க? ஆமா, பரோன் யெர்வாந்த் மகன்தான். நீங்க அவர்கிட்டயா படிச்சீங்க, சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துல? எந்த வருஷம்? ஓ, கடைசி செட்டு. அப்ப அடி கொறஞ்சிருக்கும். எங்க காலத்துல ஸ்கேல நிமித்திப் பிடிச்சு ஓரத்தால முட்டியில போடுவாரு. வகுப்புல எல்லாரும் சார்ங்கற மாதிரி பரோன், பரோன்னு கூப்பிடறப்ப நானும் பரோன்னுதான் கூப்பிடணும். வீட்டுக்கு வந்தப்பறமும் வாயில அப்பா வராது.

கிட்டார் வாங்கிட்டு வந்த அன்னைக்கி ஒரு தடவ பாத்தாரு. முப்பத்தெட்டு எழுத்தப் பழகாதவனுக்கு நாலு கம்பி போதும்னாரு. அதான் கடைசிப் பேச்சு. அப்பறம் ஏழு வருஷம், உப்ப எடுன்னுகூட என்கிட்ட கேட்டதில்ல.

சனிக்கிழமை திறப்பு விழாவா? பள்ளிக்கூடத்துல கட்டின புதுக் கூடத்துக்கு அவர் பேரு, தெரியும். என்னைக் கூப்பிடலன்னும் தெரியும். நீங்கதான் மேடையில பேசறீங்களா! ஓஹோ, அதான் இவ்வளவு அவசரமா? பரவால்ல டாக்டர், சங்கடப்படாதீங்க. அந்த ஆல்பத்து அட்டை வந்த வாரமே நம்ம பத்திரிகையில ரெண்டு பக்கத்துக்குக் கிழிச்சாங்களே. வாத்தியார் புள்ளைக்கு எழுத்துத் தெரியல, அமெரிக்காவுல பொறந்த மாட்டுக்குத் தாய்மொழி எதுக்குன்னு. சர்ச்சு வாசல்லயே ஒருத்தர் என் முகத்துக்கு நேரா... அவரும் துப்பினாரு. அதெல்லாம் பழகிப் போச்சு.

என்னது, அவர் கையெழுத்துல ஏதாவது இருக்கான்னா? கண்ணாடி போட்டுக் கூடத்துல மாட்டவா? இல்ல. கரும்பலகையில எழுதினவரு. அவரே அழிச்சிட்டுப் போயிட்டாரு.

இப்பப் பாருங்க, இந்தப் பழைய எழுத்து மேல சின்னதா ஒரு மாதுளம்பழம் போட்டு மூடிடறேன். பக்கத்துல சரியான எழுத்து. மாமனார் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாலும் தெரியாது.

இருங்க. என்ன சொன்னீங்க? பரோன் உயிரோட இருந்து இந்தத் தப்பப் பாத்திருந்தா வெக்கத்துலயே செத்திருப்பாருன்னா?

பாத்தாரு.

ஆஸ்பத்திரியில கெடந்தாரு. வலப்பக்கம் பூரா போச்சு, பேச்சும் போச்சு. பன்னெண்டாம் நாள் என்னைப் பாத்து விரலால எழுதற மாதிரி காட்டறாரு. பென்சில் குடுத்தேன். சாப்பாட்டுச் சீட்டு இருக்கும்ல, கஞ்சியா சூப்பான்னு டிக் போடறது, அதோட பின்பக்கம். இடது கையால. இதே ரெண்டு வார்த்த, முக்கா மணி நேரம். மொத எழுத்தே தப்பு. எனக்குத் தெரியாதா? அந்த எழுத்துக்குத்தான என் முட்டி வீங்கிச்சு. எழுதி முடிச்சிட்டு நிமிந்து பாக்கறாரு, சரியான்னு கேக்கற மாதிரி. எங்கிட்ட. சரின்னு தலையாட்டிட்டேன்.

எனக்குன்னு எழுதினத அவர் கையெழுத்துலயே அப்படியே எடுத்து ஊருக்கே ஆல்பத்து அட்டையில போட்டேன் பாருங்க, அதான் நான் பண்ணின அயோக்கியத்தனம். பரோன் எழுதினதுன்னு சொன்னா அவர் பேரு போயிடும். அதனால வாய மூடிக்கிட்டேன். அவருக்காக மூடினேனா, திட்டு வாங்கி ருசி கண்டு போச்சான்னு இன்னைக்கி வரைக்கும் புரியல. அந்தச் சீட்ட அவர் சட்டைப் பையிலேயே வச்சுப் புதைச்சாச்சு.

கையெழுத்து வேணும்னு கேட்டீங்களே டாக்டர், அது உங்க கையில இருக்கு. நாப்பத்திரெண்ட நானே அழிச்சிட்டேன்.

சொல்லுங்க, பழம் போடவா?