கண்மாய்க்குள் கட்டிய வீடு

தேவகோட்டையிலிருந்து காரைக்குடி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"எங்க புது வீட்டுக்குள்ள மீன்பிடித் திருவிழா நடந்துருச்சு மதினி."

"வீட்டுக்குள்ளயா? என்ன சொல்றீக?"

"கம்மாயை மூடித்தானே பிளாட் போட்டான். மழைத்தண்ணி ஹால் வரைக்கும் நின்னு, இப்பத்தான் வத்துது. ஊரே கூடையைத் தூக்கிக்கிட்டு கேட்டுல வந்து நிக்கிது."

"வெரட்ட வேண்டியதுதானே?"

"எங்க வீட்டுக்காரக மாடியில நின்னு, போங்க போங்கன்னு தோள்ல கெடந்த வெள்ளைத் துண்டை ஆட்டுனாக. பெரியாளு துண்டை வீசுனா கம்மாய்ல எறங்கலாம்கிறதுதானே ஊர் வழக்கம்? அம்புட்டுப் பேரும் உள்ள குதிச்சுட்டாக."

"அடப்பாவமே! உங்களுக்கு மீனாச்சும் குடுத்தாகளா?"

"குடுத்தாக. எங்க அடுப்படியில பிடிச்ச கெளுத்தியை எங்களுக்கே பங்கு வச்சுக் குடுத்தாக."