மூடிய குழியும் முளைத்த கொடியும்

(வாடிப்பட்டி சந்தைத் திடலில், 1986 மாசி மாதம், வெள்ளிப்பாறை மலை வழக்கின் வெற்றி விழாவில் வழக்கறிஞர் முத்திருளன் ஆற்றிய உரை)

பாறை பிளக்கும் வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகு கூடுகின்ற இந்த முதல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, கோபம் வந்தால் தோள்துண்டை உதறுவார், குணம் வந்தால் அந்தத் துண்டையே கொடுத்துவிடுவார் என்று ஊரே சொல்லும் கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கத் தலைவர், என் பெரியப்பா முறை நல்லகாமன் அவர்களே! கறுப்புக் கோட்டின் கனத்தோடும் காப்பி பிளாஸ்க்கோடும் மதுரையிலிருந்து வந்து மேடையை அழகு செய்யும் வழக்கறிஞர் பிச்சுமணி அவர்களே! ஆனையூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே! அடுப்பை அணைத்துவிட்டு, ஆனால் ஆர்வத்தை அணைக்காமல், பந்தலுக்குள் நிறைந்திருக்கும் தாய்மார்களே! வெள்ளிப்பாறை மலையிலிருந்து விடியலில் கிளம்பி இறங்கி வந்த பளியர் குலத்து உறவுகளே! எனக்கு வலப்புறம் நாற்காலியில் அமர்ந்து, நான் பேசுவதைக் காதில் வாங்காமல், பந்தக்காலையே பார்த்துக்கொண்டிருக்கும் மலையம்மாளே! உங்கள் அனைவருக்கும் இந்த முத்திருளனின் முதல் வணக்கம்.

மலையம்மாள் ஏன் பந்தக்காலைப் பார்க்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். ஆனால் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப்பேர் எழுந்து போய்விடுவீர்கள், எனக்கு உங்களைத் தெரியாதா?

தோழர்களே! மலையை யார் காப்பது? இதுதான் வழக்கு. மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் மலைமேல் ஓர் ஆணை வந்தது. "காட்டைக் காக்க வேண்டும், ஆகவே காட்டில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும்" என்றது அந்த ஆணை. கிழங்கு தோண்டினால் குற்றம். தேன் எடுத்தால் குற்றம். அப்பனும் அவன் பாட்டனும் பிறந்த குடிசையில் படுத்துத் தூங்கினாலும் குற்றம்! சரி, காடு பிழைக்கட்டும் என்று வைத்துக்கொள்வோம். அதே ஆண்டு அதே மலையில், அதே கையெழுத்தில், ஒரு கம்பெனிக்குக் கல் உடைக்கக் குத்தகை கொடுத்தார்களே, அது எந்தக் காட்டைக் காக்க? கிழங்கு தோண்டும் கம்பு காட்டை அழிக்குமாம், பாறையைப் பிளக்கும் வெடி காட்டை வளர்க்குமாம்! இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு? ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், நீங்களாவது சொல்லுங்கள்!

என்னண்ணே? அங்கே வேப்பமரத்தடியில் கையைத் தூக்குவது யார்? மொக்கைச்சாமி அண்ணனா? "நோட்டீசு ஒட்டலையா வக்கீலே?" என்று கேட்கிறார். ஒட்டினார்கள் அண்ணே, ஒட்டினார்கள்! உரிமை உள்ளவர்கள் குறித்த காலத்துக்குள் வந்து கோரலாம் என்று அழகாக அச்சடித்து ஒட்டினார்கள். எங்கே ஒட்டினார்கள்? மலைமேல் மரத்திலா? மலைக்காரன் வாசலிலா? மலையை விட்டு வெகுதூரம் தள்ளி, தரையில், ஓர் அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். காலம் முடிந்தது. யாரும் வரவில்லை. "கோரவில்லை, ஆகவே உரிமை இல்லை" என்று எழுதிக் கோப்பைக் கட்டினார்கள். கூப்பிடாத வீட்டுக்கு வரவில்லை என்று கோபித்துக்கொண்ட கதை இது!

அப்போது நாம் என்ன செய்தோம்? சும்மா இருந்தோம். அதோ மொக்கைச்சாமி அண்ணன் அன்றைக்கு டீக்கடையில் சொன்னது இன்னும் என் காதில் கேட்கிறது. "மலைக்காரவுக கேசு நமக்கு எதுக்கு மாப்ள, நமக்கு உழவு கெடக்கு" என்றார். சிரிக்காதீர்கள், உங்களில் எத்தனை பேர் அதற்குத் தலையாட்டினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்! பிறகு ஓடைத் தண்ணீர் பால்போல வெளுத்து வந்தது. கல்தூள்! மடை அடைத்தது, கண்மாய் மேடானது, வயல் வெடித்தது. அப்போதுதான் அண்ணன் துண்டை இறுக்கிக்கொண்டு என் வீட்டுக் கதவைத் தட்டினார். "மாப்ள, அந்த மலைக்காரவுக கேசு எம்புட்டுத் தூரத்துல இருக்கு?" என்று கேட்டார். பரவாயில்லை அண்ணே, தாமதமாக வந்தாலும் தண்ணீர் வந்த வழியே வந்தீர்கள், உங்களை நான் கட்டிக்கொள்கிறேன்.

இப்போது கைது நடந்த கதைக்கு வருகிறேன். சித்திரை மாதத்துக் காலை நேரம். மலையம்மாளும் அவர் கணவர் சோணையும் இன்னும் சிலரும் வள்ளிக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். வனத்துறை வாட்சர்கள் வருகிறார்கள் என்று கீழிருந்து குரல் வந்தது. ஓடினார்கள். மலைமக்கள் மலையில் ஓடினால் பிடிக்கிற வாட்சர் இனிமேல்தான் பிறக்க வேண்டும். எல்லோரும் மேட்டைத் தாண்டிவிட்டார்கள், மலையம்மாளும் தாண்டிவிட்டார். தாண்டியவர் நின்றார். நின்றவர் திரும்பினார். திரும்பியவர் இறங்கி ஓடினார்! சோணை பதறிப்போய்க் கத்தியிருக்கிறார்.

"ஏ புள்ள, எங்கிட்டுப் போற? ஆளு வாராக!"

"கொடியப் போட்டுட்டு வந்துட்டேன். குழி தொறந்து கெடக்கு."

வாட்சர் வந்து சேர்ந்தபோது மலையம்மாள் குழியின் ஓரத்தில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். "எந்திரிம்மா!" என்று அதட்டினாராம் வாட்சர். மலையம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இருங்கய்யா. இம்புட்டு மண்ணுதேன் பாக்கி."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். மதுரையில் காவலில் இருந்தவரைப் பார்க்கப் போனபோது, எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "ஏன்த்தா, தப்பிச்ச ஆளு, எதுக்குத் திரும்பிப் போன?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கெழங்க எடுத்தா கொடித்தலையக் குழியில வச்சு மூடணும்ல? தொறந்து போட்டா காஞ்சு போகுமே. அடுத்த வருசம் வாரவுக எதத் தோண்டுவாக?"

"அடுத்த வருசம் யாரு வருவாக? நீயா?"

"யாரு வந்தா என்ன?"

கேட்டீர்களா தாய்மார்களே! யார் வந்தால் என்ன! கிழங்கை எடுத்தவர் கொடியின் தலையை மண்ணுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர்கள் குல வழக்கம். திறந்த குழியை விட்டுவிட்டு வருகிறவரின் கையால் அவர்களில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அதனால்தான் சுதந்திரத்தை விட்டுவிட்டுக் குழியைத் தேடி ஓடினார் மலையம்மாள். உலகத்தில் வேறு எந்தக் குலமாவது இப்படி ஒரு தப்பைச் செய்து அகப்படுமா?

ஆனால் வழக்கு மன்றத்தில் அந்தக் குழி என்னவாக மாறியது தெரியுமா? குற்றமாக மாறியது! "திருடிவிட்டுத் தடயத்தை மூடி மறைத்தார்கள்" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு குழியில்லை, மலை முழுக்க மூடிய குழிகளைத் தேடித் தேடி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளைப் பெயிண்ட் அடித்த கல்லை நட்டு, படம் பிடித்து, "பாருங்கள் கனம் கோர்ட்டாரே, இத்தனை திருட்டு, இத்தனை மறைப்பு" என்று அடுக்கினார்கள். உள்ளபடியே சொல்கிறேன், அந்தப் படங்களாலேயே வழக்கு தோற்றுவிடும் என்று நினைத்தேன். தோற்றால் மலையம்மாளுக்குச் சிறை, அத்தனை குடிசைக்கும் வெளியேற்றம், நம் கண்மாய்க்குக் கல்லறை!

அப்போதுதான் உயர்நீதிமன்றம் ஒரு வார்த்தை சொன்னது. "படத்தில் பார்த்தது போதும், ஆள் நேரில் போய்ப் பார்க்கட்டும்" என்று ஆணையர் ஒருவரை அமர்த்தியது. யாரை? இதோ, மீனாட்சி கோயில் ஆடிவீதியைத் தவிர வேறு எதையும் சுற்றியறியாத நம் பிச்சுமணி அவர்களை! கோபிக்காதீர்கள் சார், மாலை போட்ட உரிமையில் பேசுகிறேன்.

கார்த்திகை மாதம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரு தரப்பும் பின்னால் வர, குடையும் பிளாஸ்க்குமாக ஏறினார் பிச்சுமணி. பத்தடிக்கு ஒருமுறை "இன்னும் எவ்வளவு தூரம்யா?" என்று கேட்டார். முதல் வெள்ளைக் கல் வந்தது. நின்றார். கல்லின் பக்கத்தில் ஒரு கொடி. அடுத்த கல்லுக்கு நடந்தார். அங்கேயும் ஒரு கொடி. அதற்கடுத்த கல். அதிலே ஏறிப் படர்ந்து, பெயிண்டே தெரியாமல் ஒரு கொடி! மூச்சு வாங்கியவர் இப்போது எங்களை முந்திக்கொண்டு ஓடுகிறார். கல் இருக்கும் இடமெல்லாம் கொடி, கொடி இருக்கும் இடமெல்லாம் கல்! கடைசியில் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு, எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் சார், திருட்டை மறைச்சதா சொன்னேளே, திருட்டு எங்கேயாவது இப்படித் துளிர் விடுமோ?"

கைதட்டுங்கள்! இன்னும் பலமாகக் கைதட்டுங்கள்! குற்றம் சாட்டியவர்களே நட்ட கல், குற்றமில்லை என்று சாட்சி சொன்னது. அதே நாள் குத்தகைக் குவாரிக்கும் போனோம். அங்கேயும் குழிகள் இருந்தன. பனைமரம் நின்றால் தலை தெரியாத குழிகள். மூடியது ஒன்றில்லை, முளைத்தது ஒன்றில்லை. தேங்கிய தண்ணீரில் செத்த ஆடு ஒன்று மிதந்தது. பிச்சுமணி அங்கே பிளாஸ்க்கைத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் நீதிமன்றத்தில் எழுந்தேன். நண்பர்களே, நம் அரசியல் சட்டம் தடித்த புத்தகம். ஆனால் அதன் நெஞ்சு மெத்தென்றது. இருபத்தோராவது பிரிவு என்ன சொல்கிறது? சட்டத்தின் வழியே அல்லாமல் எவர் உயிரையும் பறிக்கக் கூடாது என்கிறது. பிழைக்கும் வழியைப் பறித்தால் உயிரைப் பறித்ததுதானே என்று சென்ற ஆண்டுதான் நாட்டின் தலைமை நீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் சொன்னது. நடைபாதையில் கிடப்பவனுக்கே வாழ்வு உரிமை என்றால், மலையையே வீடாகக் கொண்டவளுக்கு இல்லையா? காட்டைக் காட்டுப் பயனல்லாத வேலைக்குக் கொடுப்பதானால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறதே எண்பதாம் ஆண்டுச் சட்டம், அந்த அனுமதி எங்கே? கேட்டேன். காட்டவில்லை. மறுபடி கேட்டேன். காட்ட அவர்களிடம் இல்லை!

கடைசியாக ஒன்று கேட்டேன். காடுகளையும் ஏரிகளையும் ஆறுகளையும் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று ஐம்பத்தொன்று ஏ பிரிவு எழுதி வைத்திருக்கிறது. நான் படித்திருக்கிறேன், நீங்கள் படித்திருக்கிறீர்கள், யார் செய்தோம்? மலையம்மாள் படிக்கவில்லை, செய்தார். செய்துகொண்டிருந்த அந்த நொடியில்தான், கையில் மண் ஒட்டியிருந்த அந்த நொடியில்தான், கைது செய்தார்கள்! அரசியல் சட்டம் சொன்ன கடமையைச் செய்ததற்காக ஒரு பெண்ணைச் சிறை வைத்தோமே, இது எந்த நாட்டு நீதி என்று கேட்டேன். மறைப்பானேன், அழுதேவிட்டேன்.

தீர்ப்பு வந்தது! வெளியேற்றும் ஆணை செல்லாது! குத்தகை செல்லாது! மலையம்மாள் மீதான வழக்கு செல்லாது! கிழங்கும் தேனும் எடுக்கும் வழக்கத்தை எவரும் தடுக்கக் கூடாது! நில உரிமைக் கோரிக்கைகளைப் புதிதாக விசாரிக்க வேண்டும், அதுவும் தரையில் சுவர் பார்த்து அல்ல, மலைமேல் ஏறி, மக்கள் முன்னால் விசாரிக்க வேண்டும்! வெடி வைத்தவன் பெட்டியைக் கட்டினான், நம் ஓடையில் முகம் பார்க்கும் அளவுக்குத் தண்ணீர் தெளிந்து வருகிறது!

வேலை முடிந்துவிட்டதா? முடியவில்லை. பட்டா இன்னும் கைக்கு வரவில்லை, மலைமேல் விசாரணை இனிமேல்தான். அன்றைக்கு நாமும் ஏறிப்போய் அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். வருவீர்களா? மொக்கைச்சாமி அண்ணே, வருவீர்களா? "முன்னாடி நாந்தேன் வாரேன்" என்கிறார். எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி இந்த ஊர்!

இப்போது பந்தக்காலுக்கு வருகிறேன். மேடை ஏறும்போது மலையம்மாளிடம், "ஏன்த்தா, இம்புட்டுக் கூட்டம் ஒனக்காகத்தேன் வந்திருக்கு, ரெண்டு வார்த்தை பேசுறியா?" என்று கேட்டேன். அவர் பந்தலைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இம்புட்டுக் காலு நட்டிருக்கீக. பிரிச்சதும் குழியெல்லாம் யாரு மூடுவாக?"

நானும் தலைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்தத் திடலில் எத்தனை கூட்டம் போட்டிருப்போம், எத்தனை பந்தல் பிரித்திருப்போம்! ஒரு தடவையாவது மூடினோமா? சந்தைக்கு வந்த மாடு குழியில் காலை விட்டு நொண்டியதுதான் மிச்சம்.

ஆகவே, தலைவர் அனுமதியோடு அறிவிக்கிறேன். இன்று நன்றியுரை இல்லை. கூட்டம் முடிந்ததும் யாரும் போக வேண்டாம். பந்தலைப் பிரிப்போம். நான் என் கோட்டைக் கழற்றிவிட்டேன், பிச்சுமணி சாரும் கழற்றுகிறார், பாருங்கள்! தலைவர் துண்டைத் தலையில் கட்டிவிட்டார். ஆளுக்கு ஒரு கை மண் அள்ளிப் போட்டு, கடைசிக் குழி மூடியதும் வீட்டுக்குப் போவோம். தலைமை தாங்கிய பெரியவருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மண்ணிலிருந்து எடுத்தால் மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கவும் கற்ற மலை உறவுகளுக்கும் என் நன்றி. வணக்கம்.

மலையம்மா, எந்திரி ஆத்தா. எந்தக் குழியில ஆரம்பிக்கலாம்?