சிவப்பு அட்டை வீடு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால்தான் தம்பிக்கு வலிப்பு வருவதை எழுதி வைக்கிற அந்த நோட்டு என் கைக்கு வந்தது. அம்மாவுக்கு எழுத வராது. அப்பா ஒரு பக்கம் எழுதிக் காட்டியதைப் பார்த்து, வீட்டுக்கு வருகிற நர்ஸ் அமலா சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ஆர்த்தி, நீயே எழுதுடி. டாக்டர் கண்ணு பொழச்சிக்கும்" என்றார்கள்.

தேவசகாயம் சார், இன்று மதியம் சிஸ்டரின் ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வந்தபோது நீங்களும் அந்த நோட்டைத்தான் வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். போகும்போது என்னிடம் மட்டும் நாலு வெள்ளைத்தாள் கொடுத்து, "எதனா ஞாபகம் வந்தா எழுதி வைம்மா, திங்கக்கெழம வந்து வாங்கிக்கிறேன்" என்றீர்கள். புதிதாக ஞாபகம் வர ஒன்றுமில்லை சார். எல்லாம் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன், வரி கோணலாகப் போனால் மன்னிக்கவும். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பாவின் குறட்டை நிற்கும்போதெல்லாம் பேனாவை மூடிவிட்டுக் காத்திருக்கிறேன்.

என் தம்பி சித்தார்த்தனுக்குப் பன்னிரண்டு வயது. கழுத்து நிற்காது, கை கால் விறைப்பு, பேச்சு இல்லை, வலிப்பு வரும். இதெல்லாம் உங்கள் ஃபைலில் இருக்கும். காதில் ஊதினால் அவன் சிரிப்பான் என்பது இருக்காது. கேப்பைக் கூழில் வெல்லம் போடாமல் ஊட்டினால் வாயில் வைத்திருந்து, நான் கிட்டே குனிந்த பிறகு முகத்தில் துப்புவான். அதற்கும் சிரிப்பான். எனக்கு அவனைப் பிடிக்காது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பத்தாவது முடித்ததும், "ஒரு வருஷம் நீ பாத்துக்க, அதுக்கப்பறம் பாக்கலாம்" என்றார் அப்பா. இது இரண்டாவது வருஷம். அம்மா காலை ஆறு மணிக்கு கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கவோ நூறு நாள் வேலைக்கோ போய்விடும். அப்பா திண்டிவனம் மண்டியில் மூட்டை தூக்குகிறார். அவர்கள் போனதிலிருந்து பொழுது சாயும்வரை நானும் சித்துவும்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். துணி மாற்ற வேண்டும், உட்கார வைத்துச் சோறு ஊட்ட வேண்டும். எங்கள் வீட்டில் கக்கூஸ் இல்லை. ஒருநாள் நான் காட்டுப்பக்கம் போய் வருவதற்குள் அவனுக்கு வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அம்மா என்னைத் துடைப்பத்தால் அடித்தது. அதற்குப் பிறகு, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் எங்கேயும் போகவேண்டியது இல்லை என்று கண்டுபிடித்தேன்.

அமலா சிஸ்டர் வியாழக்கிழமை வருவார்கள். கூட்டேரிப்பட்டு வழியாக ஸ்கூட்டியில் வந்து, கையைக் கழுவிக்கொண்டு நேராக அவனிடம் போவார்கள்.

"இன்னாடா மாப்ள, அக்காவ தூங்க உட்டியா, பேஜாரு பண்ணியா?"

அவன் உடம்பை வளைத்துக்கொண்டு கத்துவான். அதுதான் அவன் பதில்.

"பண்ணியிருக்கான் திருட்டுப் பையன். ஆர்த்தி, நீ கெளம்பு. ரெண்டு மணி நேரம் இந்தப் பக்கம் வரக் கூடாது."

முதல் வாரம் எங்கே போவது என்று தெரியாமல் வீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த வாரம் தலைக்குக் குளித்தேன். அதற்கடுத்த வாரத்திலிருந்து எங்கேயும் போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டிக்கு அடியில் கை கொடுத்துக் காலை மெதுவாக நீட்டுவார்கள். அவசரப்பட்டால் விறைப்பு கூடும், அது தானாக விட்டுக்கொடுக்கிறவரை பிடித்தபடி காத்திருக்க வேண்டும். எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள். "கை வாகு இருக்குடி உனக்கு" என்றார்கள். வேலை முடிந்ததும், "நீ சாப்ட்டியா?" என்று கேட்பார்கள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னால் சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். வேறு யாரும் சட்டியைத் திறந்து பார்த்ததில்லை சார். தனியாக இருக்கும்போது அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

விழுப்புரத்தில் நர்சிங் உதவியாளர் படிப்பு இருக்கிறது, ஜூன் மாதம் சேரலாம், பத்தாவது போதும் என்று அவர்கள்தான் சொன்னார்கள். அப்பாவிடமும் பேசினார்கள். மண்டி லீவு விட்ட ஒரு வியாழக்கிழமை அது.

"நல்லா கத சொல்றீங்க நர்ஸம்மா. இவள அனுப்பிட்டா அவன யாரு பாப்பா? நீங்களா வந்து குந்திக்கினு இருப்பீங்க?"

"வாரா வாரம் வந்துக்கினுதான அண்ணே இருக்கறேன். நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் கேட்டுக்கினே இருப்பேன். என் வாயி வலிக்காது."

அப்பா சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்தால் பாதி சம்மதம். அக்கா இன்னும் பத்துப் பதினைந்து தடவை வந்து கேட்டால் முழுவதும் சம்மதிப்பார் என்று கணக்குப் போட்டேன்.

அட்டையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள்தான் அச்சடித்தீர்கள். கதவுக்குப் பின்னால் சிவப்பு ஒட்டியிருந்தால் வாரம் ஒரு தடவை நர்ஸ் வருவார்கள். பச்சை என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, நடுவில் போன் மட்டும். நோட்டில் ஒரு மாதம் வலிப்பு எழுதாமல் இருந்தால் பச்சை.

டிசம்பரில் புது சிரப் ஆரம்பித்த பிறகு சித்துவுக்கு மூன்று வாரம் வலிப்பே வரவில்லை. அக்காவுக்கு எங்களைவிடச் சந்தோஷம்.

"கெங்கம்மாக்கா, இன்னும் ஒரு வாரம் நோட்டு காலியா இருந்தா பச்ச அட்ட ஒட்டிடலாம். பொங்கல் வச்சி எனக்கும் ஒரு தூக்கு குடுங்க."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அப்போ நீங்கள் வரமாட்டீர்களா என்று கேட்டேன்.

"எங்கிட்ட அறுபத்தியோரு வீடு இருக்குடி. கோலியனூர் பக்கம் ஒரு பொண்ணு, உன் தம்பி வயசுதான், இன்னும் போய்ப் பாக்கவே முடியல. இங்க கொறஞ்சாத்தான் அங்க போவ முடியும்."

கோலியனூர் பெண்ணை எனக்குத் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை நோட்டில் எழுதினேன். காலை 9.20. ஒரு நிமிடம். வலது கையில் ஆரம்பம். புதன்கிழமை இன்னொன்று. அவனுக்கு எப்படி வரும் என்று எனக்குத் தெரியும் என்பதால் எழுதியதில் தப்பு எதுவும் இல்லை, நடக்கவில்லை என்பது மட்டும்தான். வியாழக்கிழமை அக்கா அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். முகம் சின்னதாகிவிட்டது. பிறகு என் தலையைத் தடவி, "சரி வுடு, நீ இன்னா பண்ணுவ" என்றார்கள். சிவப்பு அட்டை அப்படியே இருந்தது. பேனா மை கொஞ்சம் செலவானது. அவ்வளவுதான்.

விழுப்புரத்தில் இருக்கிற டாக்டர் சித்துவைப் பார்ப்பதில்லை, மாதம் ஒருமுறை அக்கா கொண்டுபோகிற நோட்டைத்தான் பார்க்கிறார். அவர் சிரப்பின் அளவைக் கூட்டினார். கூடின அளவில் கொடுத்ததும் சித்து நாள் முழுக்கத் தூங்கினான். எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. காதில் ஊதினால் சிரிக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய அளவையே கொடுத்துவிட்டு, மீதியை வேலியோரம் ஊற்றிவிட்டேன். பாட்டில் சரியான நாளில் தீர வேண்டும் இல்லையா. இரண்டு நாளில் மறுபடி சிரித்தான். அந்த ஒன்றை நான் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நோட்டில் வாரத்துக்கு இரண்டு எழுதிக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் டாக்டர் இன்னொரு தடவை கூட்டினார். அதற்குப் பிறகுதான் சிக்கல் வந்தது.

"மருந்து ஏறிக்கினே போவுது, வலிப்பு கொறையவே மாட்டேங்குது. டாக்டர் நம்ப மாட்டேன்றாரு. ஆபீஸ்லயும் கேக்கறாங்க. அடுத்தவாட்டி வரும்போது போன்ல வீடியோ எடுத்து வைடி. ஆனா அஞ்சு நிமிஷம் தாண்டிச்சின்னா போன கீழ போட்டுரு. இந்த ஸ்ப்ரேய மூக்குல அடி, 108க்கு கூப்புடு. ஜல்தியா செய்யணும், புரிதா?"

ஆபீஸில் கேட்டது நீங்கள்தானே சார். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

வலிப்பு வந்தால்தான் வீடியோ எடுக்க முடியும். அவனுக்கு வரவில்லை. மூன்று வியாழக்கிழமை, போனில் சார்ஜ் இல்லை, மறந்துவிட்டேன், அம்மா போனை எடுத்துப்போய்விட்டது என்று சொன்னேன். மூன்றாவது தடவை அக்கா என்னைக் கொஞ்சம் வேறு மாதிரி பார்த்தார்கள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து சிரப் முழுவதையும் வேலியோரம் ஊற்றினேன். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும் என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று எழுத மாட்டேன். ஆனால் நான் அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை சார். கொடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். வீடியோ கிடைத்ததும் அன்றைக்கே மறுபடி ஆரம்பிப்பதாக இருந்தேன்.

புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு வந்தது. கூழ் ஊட்டி, வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வலது கையில்தான் ஆரம்பித்தது. நான் எழுதி வைத்திருந்ததுபோலவே. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தலைக்கு அடியில் துணி வைத்தேன். வாயில் எதையும் வைக்கவில்லை. சொல்லிக்கொடுத்த எதையும் நான் விடவில்லை.

ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது. நடுவில் நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. மூன்றாவது நிமிடம் ஸ்ப்ரேயின் மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருந்தது ஞாபகம் வந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒருமுறை வலிப்பு நீடித்தால், பிறகு வராவிட்டாலும் ஆறு மாதம் சிவப்பு. ஆறு மாதம் என்றால் ஜூன் தாண்டிவிடும். நோட்டில் இனி ஒரு பொய்கூட எழுத வேண்டியிருக்காது. மருந்தை ஒழுங்காகக் கொடுக்கலாம். அவனுக்கும் அதுதான் நல்லது.

போனில் ஐந்து காட்டியது. ஐந்து என்றால் ஐந்துதான், ஐந்துக்கு மேல் இல்லை. பிறகு யாரும் இதைச் சந்தேகப்படக் கூடாது என்று தோன்றியது. அவன் உதடு நாவல்பழம் தின்றதுபோல ஆகியிருந்தது. நான் ஸ்ப்ரே அடித்தபோது ஏழு நிமிடம் பத்து நொடி.

அது நிற்கவில்லை. 108க்குக் கூப்பிட்டேன், வர அரை மணி நேரம் ஆனது. திண்டிவனம் பாலத்தில் ஏறும்போது அவன் கை தளர்ந்தது. மருந்து வேலை செய்துவிட்டது என்று நினைத்து அவன் காதில் ஊதினேன். வண்டியில் இருந்தவர் என் தோளைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்தார்.

சாவுக்கு அக்கா வந்தார்கள். "மருந்த ஏத்தி ஏத்தியே எம்புள்ளய கொன்னுட்டியே பாவி" என்று அப்பா எல்லார் முன்னாலும் கத்தினார். அக்கா நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எல்லாத்தயும் சரியாத்தான் செஞ்சிருப்ப, எனக்குத் தெரியும்" என்றார்கள். நான் தலையாட்டினேன்.

இப்போது அவர்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இன்று என்னிடம் எவ்வளவு நேரம் வலிப்பு இருந்தது என்று கேட்டீர்கள். இரண்டு நிமிடம் என்றேன். வீடியோ எடுத்தாயா என்றீர்கள். இல்லை என்றேன். இருக்கிறது. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். கடைசி இரண்டு நிமிடம் என் குரல் கேட்கிறது. "பொறுடா கண்ணு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை, பார்த்தபோதுதான் தெரிந்தது.

மருந்தில் தப்பு இல்லை, அவன் குடித்திருந்தால்தானே. அக்காவின் பேரில் ஒரு குற்றமும் இல்லை. சிரப்பைக் கீழே ஊற்றினதும், ஸ்ப்ரேயை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்ததும் நான். இதைப் படித்துவிட்டு அவர்களை மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் சார். இனி என்னிடம் விசாரிக்க நீங்கள் வர வேண்டாம், அவர்களை அனுப்புங்கள். போலீஸ் என்னை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அந்த இடத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் கேட்டால் எல்லாவற்றையும் சொல்வேன். ஒரே நாளில் சொல்லி முடிக்க முடியாது. வாரம் ஒரு தடவை வந்தால் போதும்.