கிழக்குக் கரையில் ஓர் உள்ளான்

கொல்லையில் பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பவர்கள் அதைத் தினமும் மாற்றவேண்டும், ஐயா. இல்லாவிட்டால் பாசி பிடித்துக் கொசுதான் மிஞ்சும். பத்தொன்பது வருஷமாக நான் ஒருநாள்கூடத் தவறியதில்லை. குளிர் தொடங்கியதும் வாலாட்டிக் குருவிகள் எங்கள் கொல்லைக்குத்தான் முதலில் வரும்.

சிலது ஜன்னல் கண்ணாடியில் மோதி இறக்கை முறிந்து விழும். கழுத்தைத் திருகுகிறவர்கள் உண்டு. அது முரட்டு வேலை. நெஞ்சு விரிந்தால்தான் பறவைக்கு மூச்சு. இரண்டு விரலால் நெஞ்சை அழுத்திப் பிடித்தால் சத்தமில்லாமல் அடங்கிவிடும். என் மனைவி உள்ளே போய்விடுவாள். அவள் தம்பி மட்டும் பக்கத்தில் நின்று, "பாவம் மாமா, பொழைச்சிருக்குமோ என்னமோ" என்று புலம்புவான்.

அவன் ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவன். இளகின மனசு. ஊருக்கு வெளியே உள்ள சதுப்புக்கு அவனை அழைத்துப்போய்ப் பறவை பார்க்கப் பழக்கியது நான்தான். பறவைச் சங்கத்தில் ஒரு விதி உண்டு: அங்கே இதுவரை காணாத பறவை என்றால், பார்த்த இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்தச் சதுப்பின் கிழக்குக் கரையில் மூக்கு மேல்நோக்கி வளைந்த ஓர் உள்ளானைக் கண்டதாக எழுதிக்கொடுத்தேன். அவனும் கையெழுத்திட்டான். சங்கம் அதைப் புத்தகத்தில் போட்டது. நான் முப்பது வருஷம் குடிநீரில் குளோரின் அளந்தவன். என் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு வரியில்தான்.

அந்த வரியைக் காட்டி வனத்துறையினர் கிழக்குக் கரைக்கு வேலி போட்டார்கள். அங்கே கோரை அறுத்துப் பிழைத்த பெண்கள் உள்ளே வரக்கூடாது என்றாகிவிட்டது. அது என் தவறல்ல.

முந்தாநாள் காலை நாங்கள் இருவரும் சதுப்பில் இருந்தபோது அவன் பேச்செடுத்தான்.

"மாமா, ஞாயித்துக்கிழமை சங்கச் செயலாளரைப் பாத்து உண்மையைச் சொல்லிடப் போறேன்."

"என்ன உண்மை?"

"நீங்க கை காட்டின எடத்துல வெறும் தண்ணிதான் இருந்துச்சு. அக்கா மொகத்துக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பொம்பளைங்க வேலியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறதப் பாக்க முடியல."

"உனக்குப் பாக்கத் தெரியல. அதுக்கு நான் என்ன பண்றது?"

"நீங்களே சொல்லிட்டா கௌரவமாப் போயிரும் மாமா. இல்லன்னா நான் சொல்லத்தான் போறேன்."

நான் ஆத்திரத்தில் செய்ததாக உங்கள் ஆள் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். ஆத்திரக்காரன் தொலைநோக்கியை முக்காலியிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி வைப்பானா? வைத்துவிட்டுத்தான் முக்காலியைத் தூக்கினேன். முதல் அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. இரண்டாவதற்குக் கையைக் குறுக்கே கொடுத்தான். மணிக்கட்டும் கடிகாரமும் சேர்ந்தே நொறுங்கின. மூன்றாவது தாடையில். சேற்றில் மல்லாந்து விழுந்து "மாமா" என்றான். வாய் நிறைய ரத்தம் இருந்ததால் தெளிவாகக் கேட்கவில்லை.

குற்றுயிராக விட்டுப்போவது கொடுமை, ஐயா. அவன் நெஞ்சில் இரண்டு முழங்காலையும் ஊன்றி உட்கார்ந்தேன். ஒரு விலா முறிந்தது, பிறகு இன்னொன்று. என் சட்டையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கனத்த உடம்பு, நேரமெடுத்தது. அதற்குள் நாற்பத்தேழு நீலச்சிறகி வாத்துகள் வந்து இறங்கின. பறவைக் குறிப்பேட்டில் ஏழு நாற்பது என்று குறித்துக்கொண்டேன். பார்த்தவர்கள் என்ற இடத்தில் அவன் பெயரையும் எழுதினேன். கண் திறந்துதானே இருந்தது. அவன் கடிகாரம் ஏழேகாலுக்கே நின்றுபோனதை வைத்து என்னைப் பிடித்தீர்கள். கெட்டிக்காரத்தனம்தான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "தம்பி எங்க?" என்றாள்.

"சதுப்புலதான் இருக்கான்" என்றேன். பொய் சொல்லவில்லை. அவள் அவன் பங்குச் சாப்பாட்டை எடுத்து மூடி வைத்தாள். அதைப் பார்த்தபோது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கொன்றது நான்தான், தனியாகத்தான் செய்தேன். எங்கே வேண்டுமோ கையெழுத்துப் போடுகிறேன். அந்த உள்ளான் நிஜமாகவே வந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வரவில்லை. ஆனால் அது வரக்கூடிய பருவம்தான் அது. இந்தக் குளிர்காலம் முடியும்வரை அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் வந்திருக்கும். அவன் போட்ட கையெழுத்தும் பொய்யாகியிருக்காது. பொறுமை இல்லாமல் அவன்தான் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டான்.