வாங்க வர்றவருக்கு ஒரு ஜன்னல்

இருங்க... பந்திக்கு இலை போடுறாங்கன்னு பின்வரிசை எழுந்திருக்குது. தெரியுது. உக்காருங்க, சாம்பார் எங்கயும் ஓடிடாது. எனக்கு முன்னாடி பேசின அஞ்சு பேரும் மாப்பிள்ளை பொண்ணை நல்லா இருக்கச் சொல்லிட்டாங்க. எப்படி நல்லா இருக்கிறதுன்னு ஒருத்தரும் சொல்லலை. அதனால ஒரு குட்டிக் கதை. கேட்டுட்டுச் சாப்பிடப் போங்க.

மயிலாடுதுறையில குஞ்சிதபாதம்னு ஒருத்தர். அரசாங்க உத்தியோகத்துல இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் சம்சாரம் வடிவாம்பாள். சொந்த வீடு. யார் பேர்ல? அந்தம்மா பேர்ல! எவ்வளவு பெரிய மனசு பாருங்க... பத்திரத்துல மொத்த வீடும் அம்மாவுக்கு. ஆனா அதுல ஒரு ஆணி அடிக்கணும்னா ஐயாவோட அனுமதி வேணும்.

அந்த வீட்டு அடுப்படியில ஜன்னல் கிடையாது. உச்சி வெயில்லயும் உள்ள இருட்டு. மிளகாய் வறுத்தா புகை போக வழியில்லை. அந்தம்மா கண்ணு எரிஞ்சு, இருமி, முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு சமைக்கும். "ஏங்க, ஒரு சின்ன ஜன்னல் வச்சுக் கொடுங்களேன்." கல்யாணம் ஆகி வந்த வருஷம் கேட்டது இது. ஐயா என்ன சொன்னார்? "அது தெற்குச் சுவர். உடைச்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு ஜோசியர் சொல்லியிருக்கார்."

எந்த ஜோசியர்? இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது!

சரி, லைட்டாவது போட்டுக்கலாம்னா... "பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு? கரண்டு பில்லை உங்கப்பாவா கட்டுறார்?" இப்படியே முப்பது வருஷம். புள்ளை படிச்சான், சென்னையில வேலைக்குப் போனான். ஜன்னல் மட்டும் வரலை.

ஐயாவுக்கு ஒருநாள் யோசனை. இந்த வீட்டை வித்துட்டு, சென்னையில புள்ளை பக்கத்துல ஒரு பிளாட் வாங்கலாம். புரோக்கரைக் கூட்டிட்டு வந்தார். புரோக்கர் அடுப்படிக்குள்ள தலையை விட்டார், உடனே வெளிய எடுத்துட்டார். "சார், இது அடுப்படியா, குகையா? ஒரு பெரிய ஜன்னலா வைங்க. டைல்ஸ் ஒட்டுங்க. இல்லைன்னா எந்தப் பொம்பளையும் இந்த வீட்டை வாங்க விடமாட்டா."

ஆஹா... எந்தப் பொம்பளையும் சகிச்சுக்க மாட்டாளாம்! ஐயாவுக்கு அது அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

மறுநாளே கொத்தனார் வந்தாச்சு. தெற்குச் சுவர் உடைஞ்சாச்சு. ஜோசியர்? அவர் காசிக்குப் போயிட்டார் போல! ஆளுயர ஜன்னல், பளபளன்னு டைல்ஸ், புது அடுப்பு. அந்தம்மா வந்து பார்த்தது. காத்து முகத்துல அடிக்குது. பக்கத்து வீட்டு முருங்கை மரம் தெரியுது. கண்ணு கலங்கிருச்சு... புகை இல்லாமயே முதல் தடவையா!

"ஏங்க, இன்னைக்குப் பாயசம் வைக்கட்டுமா?"

"அடுப்புல கை வைக்காதே! எண்ணெய் தெறிச்சு டைல்ஸ் பாழாயிடும். வீடு விக்கிற வரைக்கும் கொல்லையில சமை."

கேட்டீங்களா? கொல்லையில! துணி துவைக்கிற கல்லு பக்கத்துல பழைய ஸ்டவ்வை வச்சு அந்தம்மா சமைக்குது. உள்ள புது அடுப்படி, யாரோ ஒரு மகராசனுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு.

மகராசன் வந்தார். ஸ்கேன் சென்டர் கட்ட இடம் தேடுற டாக்டர். வாசல்லயே நின்னு, "ரோட்டுப் பக்கம் எத்தனை அடி?"ன்னு கேட்டார். ஐயாவுக்குப் பொறுக்கலை. "சார், உள்ள வந்து அடுப்படியைப் பாருங்க. என்ன வெளிச்சம், என்ன காத்து!" டாக்டர் சிரிச்சார். "இடிக்கப் போற வீட்ல அடுப்படியைப் பார்த்து என்னங்க பண்றது? விலையைச் சொல்லுங்க."

ஐயா முகம் போன போக்கைப் பார்க்கணுமே! ஆனாலும் நல்ல விலை. பேசி முடிச்சு, "வடிவு, சாருக்குக் காபி கொண்டா!"ன்னு திரும்புறார். படபடபடன்னு ஒரு சத்தம்... உள்ள புது அடுப்புல கடுகு வெடிக்குது. டைல்ஸ் முழுக்க எண்ணெய்!

"என்ன பண்றே நீ? சார் காத்திருக்கார். பத்திரத்துல நீதானே கையெழுத்துப் போடணும்?"

அந்தம்மா கரண்டியை வைக்கலை. ஜன்னல் பக்கமா நின்னுக்கிட்டே சொன்னது: "போடுறேன். ஒரு வருஷம் இங்க நின்னு சமைச்சுட்டுப் போடுறேன். நான் முப்பது வருஷம் காத்திருந்தேன்ல... அவர் ஒரு வருஷம் காத்திருக்கட்டும்."

டாக்டர் வேற இடம் பார்க்கப் போயிட்டார். ஐயா? சாப்பிட உக்காந்தார். வேற என்ன பண்ணுவார், கையெழுத்து யாருது?

கை தட்டுறீங்க. முன்வரிசை ஐயாமாரே, நீங்களுமா தட்டுறீங்க? உங்க வீட்டு பீரோவுல பூட்டி வச்சிருக்கிற நல்ல தட்டு யாருக்கு? "வாங்க, உக்காருங்க, களைச்சுப் போயிருக்கீங்களே"ன்னு நீங்க சொல்ற நல்ல வார்த்தை யாருக்கு? வாசல்ல வந்து நிக்கிற எவனோ ஒருத்தனுக்கு! உள்ள இருமுறவளுக்கு என்ன? ஜோசியர் சொன்னார்ங்கிற சாக்கு. வெளியாள் ஒரு பேச்சு சொன்னா மறுநாளே சுவர் உடையுது. கூட வாழ்றவ ஆயுசு முழுக்கச் சொன்னாலும் காதுல ஏற மாட்டேங்குது. வெட்கமா இல்லையா நமக்கு?

மாப்பிள்ளை... தம்பி, மாலையைச் சரி பண்ணினது போதும், இங்க பாருங்க. நீங்க தனிக்குடித்தனம் போறீங்கன்னு சொன்னாங்க. ரொம்ப சந்தோஷம். வீட்டை விக்கிற அன்னைக்கு வைக்கிற ஜன்னலை, குடி போற அன்னைக்கே வச்சுடுங்க!