என் வீட்டுக்கு அடியில் ஓடிய வெந்நீர்

அருட்தந்தை மார்ட்டின் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஊர்மன்றப் பெரியோரே, கீழாற்று ஊர்களிலிருந்து இந்தக் குளிரில் படகேறி வந்திருக்கும் உறவுகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தங்கை அகாஃபியாவே, உங்கள் எல்லோருக்கும் ஊர்மன்றத் தலைவன் டெமென்டியின் வணக்கம்.

இன்று நாற்பதாம் நாள். சாய்ந்த வீடுகளை நிமிர்த்தித் தந்த நிக்கிஃபர் ஈவன், இறந்த பிறகும், இன்று மாலைவரை நம்மோடு இருக்கிறான், அதன்பின் போய்விடுவான் என்பது நம் நம்பிக்கை. அப்படியானால் நான் பேசுவது அவன் காதிலும் விழும். நான் பொய் சொன்னால் அவனுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அதனால்தான் எழுதிக் கொண்டுவந்த உரையைச் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டு நிற்கிறேன்.

இந்த ஊரில் நிக்கிஃபர் அடியில் ஊர்ந்து போகாத வீடு உண்டா? அவன் ஜாக்கி வைத்துத் தூக்காத வீடு உண்டா? கட்டைக்கால்களில் வீட்டைத் தூக்கி நிறுத்தி நாம் எதன்மேல் குடியிருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். மேலே உயிருள்ள பாசி. அதன் கீழே செத்து மக்கிய பழம்பாசி. அதற்கும் கீழே என்றைக்கும் உருகாத ஐஸ். மழைத் தண்ணீர் கீழே இறங்க வழியில்லை, ஐஸ் அடைத்துக்கொண்டு நிற்கிறது. உறைந்திருக்கும்வரை அந்தப் பழம்பாசி பாறை மாதிரி, பள்ளிக்கூடத்தையே தாங்கும். உருகிவிட்டால் கஞ்சி.

எத்தனையோ பொறியாளர்கள் படம் போட்டுக் காட்டினார்கள், நமக்கு ஏறவில்லை. நிக்கிஃபர் சொன்னதுதான் ஏறியது. "காய்ஞ்ச பாசி கம்பளி மாதிரி, வெயிலக் கீழ விடாது. நனைஞ்சிடுச்சுன்னா அது துரோகி. மேல ஊத்துற சூட்டையெல்லாம் கொண்டுபோயி ஐஸ்கிட்ட குடுத்துடும்."

ஃபியோதோரா அத்தை பானையில் சூப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதைப் பார்த்து, "என் கண்ணுதான் கோணலாப் போச்சுடா" என்று அழுதாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு அத்தை, வீடுதான் கோணல்" என்று சொல்லி, அன்றே அடியில் நுழைந்து நிமிர்த்திக் கொடுத்தான். எல்லா வீடும் முடிந்த பிறகு ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போவான். சாய்ந்த சிலுவைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்துவான். "அவங்களும் இந்தத் தரையிலதானே குடியிருக்காங்க" என்பான்.

அவன் என் மாமன் மகன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மச்சானை மச்சான் நாலு பேர் முன்னால் கிழிகிழியென்று கிழிக்கலாம். வாங்குகிறவன் கோபப்படக் கூடாது. சிரிக்க வேண்டும், வீட்டுக்குப் போய்த் திருந்த வேண்டும். தப்பைச் சொல்ல நமக்கு வேறு வழியில்லை, கேலிதான் வழி.

ஜூலையில் ஒருநாள் நீராவிக் குளியலில் எட்டுப் பேர் இருந்தோம். நிக்கிஃபர் ஆரம்பித்தான். "நம்ம டெமென்டிக்குத் தலைவர் பதவி பத்தலப்பா. வாஷிங் மிஷின் வெந்நிய வீட்டுக்கு அடியில விட்டு மீன் வளக்குறாரு. அடுத்த வருஷம் வாசப்படியில நின்னே வலை போடலாம்." எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். சிரிப்பை வீட்டுக்கு எடுத்துப் போனேன், அவன் சொல்லை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் என் வீட்டுக் கதவு சாத்த முடியாமல் போனது. அவனைக் கூப்பிட்டேன். ஜாக்கியோடு வந்தான்.

"குழாயத் திருப்பிட்டியா?"

"எப்பவோ திருப்பியாச்சு மச்சான்."

"எத்தன நாளாச்சு?"

"ஒரு மாசம் இருக்கும்."

அன்று காலைகூட அந்தக் குழாயில் வெந்நீர் ஓடியிருந்தது. அவன் கண்ணில் படாமலிருக்க அதன் வாயில் ஒரு பிளைவுட் துண்டைச் சாத்தி வைத்திருந்தேன். ஏன்? பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அது அரை நாள் வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். மன்றத் தலைவன் இன்னொரு முறை கேலி வாங்கக் கூடாது என்ற வீம்பு வேறு.

மற்ற வீடுகளில், இதோ என் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும் அவனுடைய இந்த இரும்புக் கம்பியைத் தரையில் குத்தி, ஐஸ் தட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் நிக்கிஃபர் உள்ளே நுழைவான். அன்று என்னை ஒரு நிமிடம் பார்த்தான். கேலி செய்யவில்லை. "நீ சொன்னாச் சரி" என்றான். கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே ஊர்ந்து போனான்.

ஜாக்கிக்குக் கீழே வைத்த பலகை அப்படியே அமிழ்ந்தது. உத்தரம் அவன்மேல் இறங்கிவிட்டது. கத்தி ஊரைக் கூட்டினேன். நாங்கள் அவனைத் தோண்டி எடுத்தபோது அந்தப் பாசி வெதுவெதுப்பாக இருந்தது. சோப்பு வாசம் அடித்தது. இன்னும் என் கையிலிருந்து அது போகவில்லை.

மன்றத்தின் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது? இந்த ஆண்டு கோடை கடுமை, அதனால் தரை இளகியது என்று இருக்கிறது. கீழே கையெழுத்து என்னுடையது. அகாஃபியா, உன் வீட்டுக்காரனைக் கோடை கொல்லவில்லை. நான் கொன்றேன். மன்னித்துவிடு என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. நீ உண்மை தெரியாமல் அவனை வழியனுப்பக் கூடாது, அவ்வளவுதான்.

பெரியோரே, தலைவர் பதவியை இந்த மேடையிலேயே விட்டு இறங்குகிறேன். இந்தக் கம்பியை எடுத்துக்கொள்ள மட்டும் அனுமதி கேட்கிறேன். அகாஃபியா மறுத்தால் அதையும் வைத்துவிடுவேன். நாளைக் காலையிலிருந்து ஒவ்வொரு வீட்டின் அடியிலும் நுழைவேன். தண்ணீர் விடவில்லை என்று நீங்கள் எத்தனை சத்தியம் செய்தாலும் கேட்க மாட்டேன், குத்திப் பார்ப்பேன். நேற்று கல்லறைக்குப் போயிருந்தேன். நாற்பது நாளுக்குள் அவன் சிலுவை ஆற்றுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. நிமிர்த்தி வைத்தேன். அடுத்த ஆண்டும் சாயும். நடக்க முடிகிறவரை ஒவ்வொரு ஆண்டும் போய் நிமிர்த்துவேன், மற்றவர்களுடையதையும் சேர்த்து.

கடைசியாக அவனிடம் ஒரு வார்த்தை. மச்சான், இன்னிக்குக் காலையில குழாயத் திருப்பிட்டேன். என் பேச்ச நம்பாத. போற வழிதான், ஒரு தடவ குனிஞ்சு பாத்துட்டுப் போ.